வாத்து சுட ஒரு டி.வி. வேணும்!

செகண்ட் ஹேண்ட் கார்னர்

''ஏண்டா, அந்த நாய் இன்னும் நம்மளப் பார்த்துச் சிரிக்குதா?''

மூணு வருஷம் கழித்து குவைத்திலிருந்து லீவில் வரப்போகிற அண்ணன், போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். அம்மாவுக்குச் சுகர் எப்படி இருக்கு, லோன் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்கு அப்புறம். லீவு மொத்தம் 21 நாள். அதில் ஒரு ராத்திரி முழுக்க எங்களுக்கு என்று முடிவாகிவிட்டது.

எந்த நாய் என்று முழிக்கிறவர்களுக்கு... நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு 'டி.வி. கேம்' என்று ஒரு டப்பா இருந்தது ஃப்ரெண்ட்ஸ். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம் என்று ஒரு மெஷினை இறக்கியது. நம்ம ஊருக்கு வந்ததில் பெரும்பாலானவை அதைப் பார்த்துச் செய்த நகல்கள். மஞ்சள் கலர் கேசட்டை மேலே சொருகினால் மரியோ குதிப்பார், கான்ட்ராவில் ரெண்டு பேர் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. அதை வைத்து டி.வி.யில் பறக்கிற வாத்தைச் சுட வேண்டும். குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். 1984-ல் வந்த 'டக் ஹன்ட்' அது. எங்கள் தெருவில் அந்த நாயிடம் அவமானப்படாத ஆளே கிடையாது!

பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். தூசி தட்டி, ஹாலில் இருக்கிற 43 இஞ்ச் எல்.இ.டி.யில் மாட்டினேன். படம் வந்தது... பசை தடவிய மாதிரி. மரியோவைக் குதிக்கச் சொன்னால் யோசித்துவிட்டுக் குதிக்கிறார், பள்ளத்தில் விழுகிறார். சரி, துப்பாக்கியை எடுத்தேன். சுட்டேன். கிட்டப் போய்ச் சுட்டேன். ஸ்கிரீனில் ஒட்டவைத்தே சுட்டேன். ஒரு வாத்தும் சாகவில்லை. நாய் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

துப்பாக்கி ரிப்பேர் என்றுதான் நினைத்தேன். இல்லை பாஸ். ரிப்பேர் டி.வி.யில்!

நாய் ஏன் சிரிக்கிறது?

ட்யூப் டி.வி.யும் எல்.இ.டி.யும் படம் காட்டுகிற விதமே வேற. ட்யூப் டி.வி.யில் பின்பக்கமிருந்து எலெக்ட்ரான் கதிர் ஒன்று சீறி வந்து, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய ரசாயனப் பூச்சில் மோதும். மேலே இடது மூலையில் ஆரம்பித்து, கோலத்துக்குக் கோடு இழுக்கிற மாதிரி வரிவரியாக இழுத்துக்கொண்டே கீழே வரும். நம்ம ஊர் முறையில் ஒரு செகண்டுக்கு 50 தடவை. கேம் மெஷின் எந்த வரியை அனுப்புகிறதோ, அந்த வரி அந்த நொடியே ஸ்கிரீனில். நடுவில் யாரும் கிடையாது.

எல்.இ.டி. டி.வி. அப்படி இல்லை. வருகிற பழைய சிக்னலை முதலில் டிஜிட்டலாக மாற்றும், பெரிதாக்கும், மெருகேற்றும், அப்புறம்தான் காட்டும். அதற்குள் சில ஃப்ரேம்கள் கடந்துவிடும். ஒரு ஃப்ரேம் என்பது 20 மில்லி செகண்ட். நாலு ஃப்ரேம் தாமதம் என்றால், மரியோ பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்போதே அவர் உள்ளே போயிருப்பார்!

துப்பாக்கி கதை இன்னும் சுவாரஸ்யம். துப்பாக்கியிலிருந்து டி.வி.க்கு எதுவும் பாய்வதில்லை. நாம் ட்ரிகரை அழுத்தியதும் ஸ்கிரீன் ஒரு ஃப்ரேம் மட்டும் கறுப்பாகும். அடுத்த ஃப்ரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் உள்ள சென்ஸார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. அதாவது, டி.வி.தான் துப்பாக்கியைப் பார்த்துச் சுடுகிறது! எல்.இ.டி.யில் அந்த வெள்ளைக் கட்டம் லேட்டாக வரும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்து, 'ஒண்ணும் இல்லையே' என்று சொல்லிவிடும். நாய் எழுந்துவிடும்.

இது நம்ம ஊர்ப் பைத்தியம் மட்டும் இல்லை. நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' 2001-ல் வந்த கேம். அமெரிக்காவில் அதற்குப் போட்டி நடத்துகிறவர்கள் அதற்காகவே பழைய ட்யூப் டி.வி.க்களைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக அடுக்குகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று, தாமதம் இல்லை.

ஆக, எனக்கு ட்யூப் டி.வி. வேண்டும். அண்ணன் வர இன்னும் பத்து நாள்.

2,500 ரூபாய்க்கு ஒரு பாடம்

ஊரில் ஒரு பழைய சாமான் கடை. எந்த வீதி என்று சொல்ல மாட்டேன், கடைக்காரர் பாவம். உள்ளே நுழைந்ததும் 29 இஞ்ச் ஃப்ளாட் ட்யூப் ஒன்று ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பெரிய கம்பெனிப் பேர். செட்டாப் பாக்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கலர் அள்ளுது. அஞ்சு நிமிஷம் பார்த்தேன். 2,500 ரூபாய் கொடுத்தேன். லோடு ஆட்டோவுக்குத் தனியாக 400. மாடிப்படியில் ஏற்ற நாலு ஃப்ரெண்ட்ஸ், அவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு புரோட்டா, ஒரு ஜிகர்தண்டா. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி மாட்டினேன். துப்பாக்கியை எடுத்தேன். நாய் சிரித்தது!

இருபது நிமிஷம் கழித்து இன்னொரு கூத்து. படம் ரெண்டு பக்கமும் சுருங்க ஆரம்பித்தது. பட்டிக்காட்டான் மிட்டாய் கடையைப் பார்த்த மாதிரி நான் டி.வி.யைப் பார்க்கிறேன், டி.வி. இளைத்துக்கொண்டே போகிறது.

காலையில் எங்கள் ஏரியா டி.வி. மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் கடையில் டி.வி.க்கள் வாசல் வரை அடுக்கியிருக்கும். இப்போது மிக்ஸியும் மின்விசிறியும். டி.வி.யை ஆன்கூட பண்ணாமல், முன்பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்.

''தம்பி, இது என்னன்னு படிங்க.''

''100 ஹெர்ட்ஸ்ண்ணே. நல்லதுதானே?''

''சினிமா பார்க்க நல்லது. படம் ஆடாம இருக்கட்டும்னு, வர்ற சிக்னலை உள்ள வாங்கி வச்சு, ரெண்டு மடங்கு வேகத்துல திருப்பி வரையும். உங்க துப்பாக்கிக்கு அது ஆகாது. ட்யூப்பு பழசு, மூளை புதுசு.''

''அப்ப படம் சுருங்குறது?''

''பவர் சப்ளையில கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும். சூடானா வேலையக் காட்டும். அஞ்சு நிமிஷம் பார்த்து வாங்குனா எப்படித் தெரியும்? அரை மணி நேரம் ஓட விட்டிருக்கணும்.''

போகும்போது திரும்பி ஒன்று சொன்னார். ''பேரைப் பார்த்து வாங்கிட்டீங்க தம்பி. பழைய டி.வி.ல பேர் செத்துப் போச்சு. உயிரோட இருக்கிறது ட்யூப் மட்டும்தான். அதைத்தான் பார்க்கணும்.''

அந்தப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு தூர்தர்ஷனில் கலர் வந்தது. அதற்கப்புறம் சாலிடேர், டயனோரா, ஒனிடா, பி.பி.எல்., வீடியோகான் என்று வீட்டுக்கு வீடு சண்டை போட்ட காலம் உண்டு. இன்றைக்கு அந்த லேபிள் ஒட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய போர்டு செத்துப்போய் உள்ளே 'சைனா கிட்' உட்கார்ந்திருக்கலாம். அதனால் இந்த வாரப் பாடம் ஒரே வரி: பேரைப் பார்க்காதே, அரை மணி நேரம் ட்யூபைப் பார்.

எப்படிப் பார்ப்பது? அண்ணே சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன்.

அரை மணி நேரப் பரீட்சை

தொட்டுப் பார்: கடைக்குப் போனதும் டி.வி.யின் பின்பக்கக் காற்றோட்டத் துளைகள் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவது தெரிந்து ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறார்கள். வீக்கான ட்யூப் சூடேறிய பிறகு நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். 'ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்ணே, ஆஃப் பண்ணி வைங்க' என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். பின்பக்க ஸ்க்ரூ ரெண்டு மூணு காணோம் என்றால், பலர் உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேட்டுப் பார்: ஆறிய டி.வி.யை மெயின் ஸ்விட்சில் ஆன் செய்ததும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். ட்யூபைச் சுற்றியிருக்கிற காயில், ஸ்கிரீனில் ஒட்டிய காந்தத்தை விரட்டுகிற சத்தம் அது. லேசாகச் சடசடவென்றால் பயப்பட வேண்டாம். அந்தச் சடசட நிற்காமல் வந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ, 'வர்றேண்ணே' சொல்லிவிட்டு வந்துகொண்டே இருங்கள்.

எண்ணிப் பார்: ஆன் செய்து பத்து, பதினைந்து செகண்டுக்குள் படம் தெளிவாக வர வேண்டும். ஒரு நிமிஷம் வரை இருட்டாகவே இருந்து மெதுவாக வெளிச்சம் வந்தால் ட்யூப் வீக். பிரைட்னஸைக் கூட்டும்போது வெள்ளை எழுத்துகள் பக்கவாட்டில் ஒழுகினாலும் அதேதான். சில இடங்களில் ஹீட்டருக்குக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து ட்யூபை பூஸ்ட் பண்ணி விற்பார்கள். அது குளுகோஸ் ஏற்றிய பேஷன்ட் மாதிரி. கொஞ்ச நாள்தான் ஓடும்.

வெள்ளையில் பார்: முழு வெள்ளை ஸ்கிரீன் ஒன்று கொண்டுவாருங்கள். மூலையில் மட்டும் ஊதா, பச்சைத் திட்டு இருந்தால் காந்தம், பெரும்பாலும் சரி செய்துவிடலாம். மொத்த ஸ்கிரீனும் ஒரே கலருக்குச் சாய்ந்து, செட்டிங்ஸில் சரியாகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நிழல் தெரிந்தால், அது யாரோ வருஷக்கணக்காக ஒரே படத்தை நிறுத்தி வைத்த தழும்பு. அது போகாது.

கேம் போட்டுப் பார்: இதுதான் முக்கியம். உங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போங்கள். கூச்சப்படாதீர்கள். எங்கள் கையில் இருந்த சிறந்த டெஸ்ட் கருவி, 1985-ல் வந்த 'பேட்டில் சிட்டி'. அதான் பாஸ், நம்ம டாங்கி கேம்! அதில் செங்கல் சுவர் எல்லாம் நேர்கோடு, சம கட்டம். ஓரத்தில் சுவர் வளைந்தாலோ, மேலே கட்டம் குள்ளமாகவும் கீழே நெட்டையாகவும் தெரிந்தாலோ உடனே பிடிபட்டுவிடும். அடுத்து மரியோவை ஓடவிடுங்கள். தூண்கள் வலமிருந்து இடம் நகரும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதா? ஸ்கோர் ஸ்கிரீனுக்கு மேலே ஒளிந்துகொள்கிறதா? கறுப்பு சீன் போய் வெள்ளை சீன் வரும்போது மொத்தப் படமும் உப்பிச் சுருங்குகிறதா? உப்பினால் உள்ளே ஹை வோல்டேஜ் தள்ளாடுகிறது.

காத்திருந்து பார்: கடிகாரத்தில் 30 நிமிஷம். படம் சுருங்குவது, கலர் போவது, தானாக ஆஃப் ஆவது எல்லாமே சூட்டில்தான் வெளிவரும். நம்ம மதுரை வெயிலில் அதற்குக் கூடுதல் உதவி வேறு!

எது ரிப்பேர், எது சமாதி?

எல்லாக் கோளாறும் பயப்பட வேண்டியது இல்லை. சொல்லப்போனால் சின்னக் கோளாறு உள்ள டி.வி.தான் மலிவாகக் கிடைக்கும். ஸ்கிரீன் நடுவில் படுக்கை வாட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறதா? பெரும்பாலும் வெர்டிகல் ஐ.சி. போயிருக்கும், சின்ன செலவு. தட்டினால் படம் வருகிறதா? எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது, அதுவும் சின்ன வேலை. 'டொய்ங்' வரவில்லையா? ஒரு சின்ன பார்ட் மாற்றினால் போதும்.

ஆனால், ட்யூப் வீக் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். கலர் ட்யூப் செய்த தொழிற்சாலைகள் 2010-களில் வரிசையாக மூடப்பட்டன. புது ட்யூப் வாங்கி மாட்டலாம் என்கிற பேச்சே கிடையாது. எல்.ஓ.டி. என்று மெக்கானிக்குகள் சொல்கிற ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால், அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

இன்னும் நாலு விஷயம். ஒன்று, பின்பக்க ஓட்டைகள். ஏரியல் சாக்கெட் மட்டும் இருந்தாலும் டி.வி. கேம் ஓடும், ஆனால் படம் சுமார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. சாக்கெட் இருந்தால் நல்லது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூணு தனியாக இருந்தால், பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் விசிலடிக்கலாம், அதற்கான கேபிளில் படம் பளிச்! ரெண்டு, ரிமோட். சில டி.வி.க்களில் ரிமோட் இல்லாமல் ஏ.வி.க்கே போக முடியாது. மூணு, சிஸ்டம். நம்ம ஊர் டி.வி.க்கள் 'பால்' முறை. ஆவின் பால் இல்லை, அது ஒரு சிக்னல் முறை. ஜப்பான், அமெரிக்கா மெஷின்கள் என்.டி.எஸ்.சி. முறை. ரெண்டையும் ஏற்காத டி.வி.யில் வெளிநாட்டு மெஷினை மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், இல்லையென்றால் உருளும். நாலு, ஸ்லிம் ட்யூப். 2005 வாக்கில் தொப்பை குறைந்த ட்யூப் டி.வி.க்கள் வந்தன. பார்க்க ஸ்டைல்தான். ஆனால் குறுகிய இடத்தில் கதிரை வளைப்பதால் ஓரங்களில் கோடு நேராக நிற்பது கஷ்டம். டாங்கி கேம் பரீட்சையில் மாட்டிக்கொள்கிற முதல் ஆள் இதுதான்.

சைஸ்? ஹாஸ்டல் ரூமுக்கு 14. நாலு பேர் சேர்ந்து பிளேஸ்டேஷனில் கிரிக்கெட் ஆட 21. இருபத்தொன்பது வேண்டும் என்றால் முதலில் நாலு நல்ல நண்பர்களைச் சம்பாதியுங்கள்.

பெரியம்மா வீட்டுப் புதையல்

என் கதைக்கு வருகிறேன். பணம் காலி. அண்ணன் வர நாலு நாள். மெக்கானிக் அண்ணன்தான் தலையில் தட்டினார். ''கடை கடையா ஏன் அலையிறீங்க? சொந்தக்காரங்க வீட்டுல கேளுங்க. கவர்மென்ட் டி.வி. இருக்கும்.''

அட! தமிழ்நாட்டில் பிறந்துவிட்டு இது எனக்குத் தோணவில்லையே! 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி, இலவச கலர் டி.வி. ஆட்சிக்கு வந்து அந்த வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று கொடுக்க ஆரம்பித்தார்கள். 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எல்லாமே 14 இஞ்ச் ட்யூப் டி.வி. அதாவது, ட்யூபின் காலம் உலகம் முழுக்க முடிந்துகொண்டிருந்த நேரத்தில், நம்ம கிராமங்களுக்குக் கோடிக்கணக்கில் புதுசாக வந்து இறங்கியது. கடையில் கிடைக்கிற 90-களின் டி.வி.யைவிட வயசு குறைவு, பல வீடுகளில் உழைப்பும் குறைவு. கேம் ஆட இதைவிடப் பொருத்தமான ஜாதகம் எங்கே கிடைக்கும்?

திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் பெரியம்மா வீடு. போன் போட்டேன்.

''அந்த டி.வி.யா? அது மேல குத்துவிளக்கு வச்சிருக்கேன்ப்பா.''

போனேன். பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, குத்துவிளக்கைத் தலையில் சுமந்துகொண்டு, பீரோ பக்கத்தில் நின்றது. அரை மணி நேரப் பரீட்சையை ஒரு வரி விடாமல் வைத்தேன். படம் பன்னிரண்டாவது செகண்டில் வந்தது. டாங்கி கேமில் சுவர் எல்லாம் நேர். முப்பது நிமிஷத்திலும் சுருங்கவில்லை. ரெண்டே குறை. 'டொய்ங்' இல்லை. வலது மூலையில் ஊதாத் திட்டு. எழுந்து பார்த்தால், அந்தப் பக்கத்திலேயே பெரியப்பாவின் பழைய ஸ்பீக்கர் பெட்டி! ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தத்தின் வேலை.

''எவ்வளவு பெரியம்மா தரணும்?''

''போடா. வந்ததுக்கு ஒருவேளை சாப்பிட்டுப் போ. அப்படியே இந்தக் குத்துவிளக்கு வைக்க ஒரு ஸ்டூல் வாங்கிக் குடு.''

ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு டிப்ஸ். ட்யூப் டி.வி.யின் கனம் முழுக்க முன்பக்கக் கண்ணாடியில்தான். தூக்கும்போது ஸ்கிரீன் உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். வண்டியில் ஸ்கிரீன் சீட்டின் முதுகைப் பார்த்து இருக்கட்டும். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற வீரம் வேண்டாம்.

சீரியஸா ஒரு நிமிஷம்

இதுவரை ஜாலி. இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

யூ டியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு பின்பக்க மூடியைக் கழற்றக் கூடாது. ட்யூபுக்குள் போகிற வோல்டேஜ் இருபதாயிரத்துக்கும் மேல். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகாது. ட்யூபே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி மின்சாரத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே போக வேண்டிய வேலையை, அதில் கை பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். 'டொய்ங்' வரவைக்க எங்கள் அண்ணே வாங்கியது 150 ரூபாய். உங்கள் உயிர் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

இன்னொன்று. இரும்புக்குப் பேரீச்சம்பழம் வண்டியில் போகிற டி.வி.க்கு என்ன ஆகிறது தெரியுமா? உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காகச் சுத்தியலால் உடைப்பார்கள். காற்று இல்லாத வெற்றிடம் உள்ளே இருப்பதால் ட்யூப் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும். எக்ஸ்-ரே கசியாமல் தடுக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்பு கடைக்குப் போகும், கண்ணாடி கண்மாய்க் கரையில் கிடக்கும். நாம் ஆடு, மாடு குளிப்பாட்டுகிற அதே கண்மாய். மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்தான் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் 1-ம் தேதி முதல் நடைமுறையில் இருக்கின்றன.

அதனால்தான் இந்த அரை மணி நேரப் பரீட்சைக்கு இத்தனை பக்கம். சரியாகப் பார்த்து வாங்கினால் ஒரு டி.வி. சுத்தியலுக்குத் தப்பிக்கிறது. பார்க்காமல் வாங்கினால், இன்னொருவர் வீட்டுக் குப்பையைக் காசு கொடுத்து நம்ம வீட்டுக்கு மாற்றுகிறோம். என் 29 இஞ்ச் ராஜா? கெப்பாசிட்டர் மாற்றியாச்சு. எங்கள் தெரு முனைச் சலூனில் பழைய படங்கள் காட்டிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கிக்குத்தான் ஆகாது, எம்.ஜி.ஆருக்கு ஆகும்!

அந்த ராத்திரி

அண்ணன் வந்தான். பெட்டியைப் பிரித்து, சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், பாதாம் எல்லாம் பங்கு போட்டு, சொந்தக்காரர்கள் கிளம்ப ராத்திரி பத்தரை ஆனது. மாடி ரூமில் 14 இஞ்ச் டி.வி.யை ஆன் செய்தேன்.

'டொய்ங்.'

அந்தச் சத்தத்துக்கே அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒண்ணும் பேசவில்லை. துப்பாக்கியை வாங்கினான். முதல் வாத்து பறந்தது. சுட்டான்.

தப்பு. நாய் எழுந்து சிரித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் டி.வி. கோளாறா? துப்பாக்கியைப் பிடுங்கி நான் சுட்டேன். வாத்து சுருண்டு விழுந்தது. டி.வி. பக்கா. எங்கள் தெருவின் முன்னாள் சாம்பியனுக்குத்தான் கை பழக்கம் விட்டுப் போச்சு!

பத்து வாத்தில் மூணு. அடுத்த ரவுண்டில் நாலு. ஒவ்வொரு தடவையும் நாய் சிரிக்க, அவனும் சேர்ந்து சிரித்தான். ''இப்பதாண்டா சரியாச் சிரிக்குது'' என்றான்.

ரெண்டு மணி வாக்கில் கதவைத் திறந்தது அம்மா. ''இன்னும் தூங்கலையா? ரொம்ப நேரம் கேம் போட்டா டி.வி. கெட்டுரும்டா, ஆஃப் பண்ணுங்க!''

இருபது வருஷமாக டயலாக் மாறவில்லை. ஆனால் பாருங்கள், அம்மா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கேமை பாஸ் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தூங்கினால் ஸ்கிரீனில் தழும்பு விழும். கான்ட்ராஸ்டைக் குறைத்து வையுங்கள், ஓடும்போது மேலே துணி போர்த்தாதீர்கள், ஸ்டெபிலைசர் போடுங்கள், பக்கத்தில் ஸ்பீக்கர் வேண்டாம். இவ்வளவு செய்தால் போதும்.

அண்ணன் போன மாசம் திரும்பிப் போய்விட்டான். போகும்போது துப்பாக்கியைப் பரணில் வைக்கப் போனேன். ''கீழயே இருக்கட்டும்'' என்றான்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்கள்தானே? குத்துவிளக்குக்கு அடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.